நெஞ்சும் நரம்பும் மலையேறும்போது: பத்து வரிகளுக்கு ஓர் உரை

லடாக் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வருகிறவர்கள் என்னைப் போன்ற பொது மருத்துவர்களிடம் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "டாக்டர், என் ஹார்ட் தாங்குமா?" ஐம்பதைக் கடந்தவர் என்றால் ஈ.சி.ஜி. தாளும் கையில் இருக்கும். கேட்பது இதயத்தைப் பற்றி. சொல்ல வேண்டிய பதிலில் பெரும்பகுதி நரம்பைப் பற்றியது. கோளாறு இல்லாத இதயம் உயரத்தில் தன் வேலையை ஒழுங்காகவே பார்க்கிறது. அதற்கு உத்தரவு போடும் நரம்புகள்தான் ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்கின்றன. ஆக்சிஜன் குறைந்தது என்ற ஒரே சேதிக்கு நாலைந்து அனிச்சைச் செயல்கள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. அவற்றில் சில கருவறைக்காக அமைந்தவை, சில மூச்சடைத்து நீரில் மூழ்கும் நேரத்துக்காக அமைந்தவை. மலையேற்றத்துக்கென்று தனியாக எதுவும் அமைந்ததாகத் தெரியவில்லை.

வருகிறவர் ஒவ்வொருவருக்கும் இவ்வளவையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அதனால் பத்து வரிகளாகக் கட்டி, அச்சடித்து மேசையில் வைத்திருக்கிறேன். நூற்பா மாதிரி சுருக்கம். வாங்கிப் படித்தவர்கள் "இது என்ன விடுகதையா?" என்று திரும்பி வந்ததால் இந்த உரை.

1. பங்கு குறையாது, அழுத்தம் குறையும்.

"மேலே காற்றில் ஆக்சிஜன் கம்மி" என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னைக் கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஏறக்குறைய 21 சதவீதம்தான். மாறுவது காற்றின் மொத்த அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் சுமார் 500. 1981 அக்டோபரில் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பிட்சோ என்ற மருத்துவர் எவரெஸ்ட் உச்சியில் அழுத்தமானியை வைத்து அளந்தார். 253 காட்டியது. வழக்கமான கணக்கு காட்டியதைவிட இது கூடுதல்; எவரெஸ்ட் நிலநடுக்கோட்டுக்கு ஓரளவு அருகே இருப்பதால் கிடைத்த சலுகை. இதே மலை துருவப் பக்கம் இருந்திருந்தால் 1978-இல் மலையேற்ற வீரர்கள் மெஸ்னரும் ஹாபெலரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் உச்சியைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு.

அழுத்தம் குறைந்தவுடன் ரத்தத்தில் ஆக்சிஜன் அதே விகிதத்தில் சரிந்துவிடுவதில்லை. ஹீமோகுளோபின் ஓரளவு வரை விட்டுக்கொடுக்காது. தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் கடல் மட்டத்தில் 100-ஐ ஒட்டி இருக்கும். அது 60 ஆக இறங்கும்வரை ஹீமோகுளோபினின் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் குறையாது. அழுத்தம் 60-க்குக் கீழே போனால் செறிவு சரேலென விழும். 2,637 மீட்டர் தொட்டபெட்டாவில் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாமல் போவதும், அதைவிட 900 மீட்டரே உயர்ந்த லேயில் மாடிப்படி ஏறினாலே இரைப்பதும் இந்த வளைவால்தான். தொட்டபெட்டா வளைவின் தட்டையான பகுதியின் விளிம்பு. லே, சரிவு தொடங்கிவிட்ட இடம்.

2. முதலில் அறிவது கழுத்து.

மூளை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. ஆனாலும் ஆக்சிஜன் குறைவதை நாம் உணரும்படி மூளை எச்சரிப்பதில்லை. 1875 ஏப்ரலில் பிரான்சில் 'ஜெனித்' என்ற பலூனில் மூவர் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். ஆக்சிஜன் பைகள் தலைக்கு மேலேயே தொங்கின. அவற்றை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியபோது கை எழவில்லை. குரோசே ஸ்பினெல்லியும் சிவெலும் இறந்தார்கள். பிழைத்த தீசாந்தியே எழுதி வைத்ததன் சாரம் அச்சம் தருவது: வேதனை எதுவும் இல்லையாம், உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிதான் இருந்ததாம்.

உணர்கிற வேலை கழுத்தில் நடக்கிறது. தாடைக்குக் கீழே கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையில், இரு பக்கமும், அரிசி மணியளவுகூட இல்லாத ஒரு திசு உண்டு: கரோட்டிட் உடலம். எடை சில மில்லிகிராம்தான். அந்த எடைக்கு அதன் வழியே ஓடும் ரத்தம் உடலில் வேறெந்த உறுப்பையும் விட அதிகம். ஸ்பெயினின் ஃபெர்னாண்டோ தெ காஸ்த்ரோ அதை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, ரத்தத்தைச் சுவைத்துப் பார்க்கும் உறுப்பாக இருக்கலாம் என்றார். பெல்ஜியத்தின் கார்னேய் ஹைமன்ஸ் நாய்களில் செய்த சோதனைகளால் அதை உறுதிப்படுத்தி 1938-க்கான நோபல் பரிசைப் பெற்றார்.

கரோட்டிட் உடலம் கவனிப்பது ஆக்சிஜனின் அழுத்தத்தை, அளவை அல்ல. ரத்தசோகையில் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனின் அளவு பாதியாகலாம், அழுத்தம் அப்படியே இருக்கும். அதனால் கழுத்து அலட்டிக்கொள்ளாது. கரியடுப்பைப் பூட்டிய அறையில் வைத்துத் தூங்குகிறவர் கார்பன் மோனாக்சைடால் மூச்சுகூட வாங்காமல் சாவதற்கு இதுவும் ஒரு காரணம். லடாக்கின் குளிரில் அறைக்குள் கரி மூட்டாதீர்கள் என்று நான் தனியாக எச்சரிப்பது இதனால்தான்.

3. மூச்சு மிகும், மிகுந்த மூச்சே மூச்சுக்குத் தடை, தடை விலக நாளாகும்.

கழுத்திலிருந்து சேதி ஒன்பதாம் கபால நரம்பு வழியே முகுளத்துக்குப் போகிறது. சில நொடிகளில் மூச்சு ஆழமாகிறது. இது நல்லதுதான். ஆனால் மூச்சு கூடினால் ஆக்சிஜன் உள்ளே வருவதோடு கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடுகிறது, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூளைத்தண்டின் அடியிலுள்ள இன்னொரு உணரி கார்பன் டை ஆக்சைடைத்தான் கவனிக்கும். அது குறைந்ததைக் கண்டு, மூச்சு விட்டது போதும், நிறுத்து என்கிறது. கழுத்து இழு என்று சொல்ல, மூளைத்தண்டு நிறுத்து என்று சொல்ல, முதல் நாளின் மூச்சு இரண்டுக்கும் இடையே அரைகுறையாக நிற்கிறது. லேயில் முதல் நாள் முழுக்கப் படுத்திருங்கள் என்று விடுதிக்காரர் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த இழுபறி.

தடையை விலக்குவது சிறுநீரகம். அது பைகார்பனேட்டைச் சிறுநீரில் தள்ளி ரத்தத்தின் காரத்தைக் குறைக்கிறது. வேலை சில மணி நேரத்தில் தொடங்கும், முடிய நாட்கள் பிடிக்கும். அந்த நாட்களில் கரோட்டிட் உடலமும் கூர்மையாகிறது. அதே குறைவுக்கு முன்பைவிட உரக்கக் கத்துகிறது. அசிட்டசோலமைடு மாத்திரை செய்வது சிறுநீரகத்தின் இந்த வேலையை முடுக்கிவிடுவதைத்தான். காலையும் மாலையும் 125 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான வழக்கமான தடுப்பு அளவு. விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், சோடா குடித்தால் ருசி கெட்டிருக்கும். அவ்வளவுதான் பலருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

கார்பன் டை ஆக்சைடு உயரத்தில் எப்படித் தாழ்கிறது என்பதை முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் மேபெல் ஃபிட்ஸ்ஜெரால்டு. 1911-இல் உடலியல் அறிஞர் ஹால்டேனும் மற்றவர்களும் கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சியில் முகாமிட்டிருந்தபோது, இவர் சுரங்க ஊர்களில் அலைந்து அங்கே குடியிருந்தவர்களின் மூச்சை அளந்துகொண்டிருந்தார். உச்சியில் இருந்தவர்களின் பெயரே பாடப்புத்தகங்களில் பெரிதாக நின்றது. அவர் சேர்த்த எண்கள் இன்றும் பயன்படுகின்றன.

4. நெஞ்சைத் தணிப்பது கழுத்து, விரைவிப்பது மூச்சு.

இந்த வரியைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்தால் இதயம் வேகமாகத் துடிக்கிறது. அப்படியானால் கழுத்துதான் இதயத்தை விரட்டுகிறது என்று நினைப்பது இயல்பு. நேர்மாறு. சோதனைக்கூடத்தில் மூச்சை ஒரே அளவில் கட்டிவைத்துவிட்டுக் கரோட்டிட் உடலத்தை மட்டும் தூண்டினால் இதயத் துடிப்பு குறைகிறது. வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைப் பிடித்து அடக்குகிறது. அதேவேளை பரிவு (சிம்பதெடிக்) நரம்புகள் கை, கால், குடலின் ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. துடிப்பு தாழ்வு, குழாய் இறுக்கம்: இது அப்படியே நீரில் மூழ்கும் விலங்கின் ஏற்பாடு. மூச்சு விட வழியில்லை, இருக்கும் ஆக்சிஜனை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கு, மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு.

அப்படியானால் லேயில் நாடி ஏன் 70-லிருந்து 90-க்குப் போகிறது? மூச்சு விட வழி இருப்பதால். மார்பு விரிந்து நுரையீரல் இழுபடும்போது அதிலுள்ள நரம்புமுனைகள், மூச்சு ஓடுகிறது, பிடியை விடு என்று சேதி அனுப்புகின்றன. வேகஸின் பிடி தளர்கிறது. கார்பன் டை ஆக்சைடு குறைவதும் அதே பக்கம் தள்ளுகிறது; அட்ரினலினும் சேர்ந்துகொள்கிறது. இங்கிலாந்தின் மைக்கேல் டி பர்க் டேலி நாய்களில் பல ஆண்டுகள் இதைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். கழுத்தின் சொந்த விருப்பம் தணிப்பது. மூச்சு அதை மீறுகிறது.

ஆக, உயரத்தில் நாடி வேகமாக இருப்பது இதயத்தின் பதற்றத்தால் அல்ல. இரண்டு அனிச்சைகளின் இழுபறியில் அந்த நேரத்துக்கு மூச்சு ஜெயித்திருக்கிறது. மூச்சு தோற்கும் நேரமும் உண்டு. ஏழாம் வரியில் வரும்.

5. துடிப்பு கூடும், வீச்சு குறையும், கொடுப்பது பழைய அளவே.

ஏறிய முதல் ஓரிரு நாளில் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் கூடுகிறது. பிறகு ஒரு மாற்றம். உடல் நீரைக் கழிக்கிறது, பிளாஸ்மாவின் கனஅளவு பத்திலிருந்து இருபது சதவீதம் வரை சுருங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம், அதாவது வீச்சு, குறைகிறது. துடிப்பு கூடுதலாக, வீச்சு குறைவாக, மொத்தம் பழையபடி. புது சிவப்பணுக்கள் வருவதற்கு வாரங்கள் ஆகும். ஆனால் நீர் வடிந்த ரத்தத்தில் ஹீமோகுளோபின் செறிவு சில நாளிலேயே கூடிவிடுவதால் ஒவ்வொரு மில்லிலிட்டரும் அதிக ஆக்சிஜன் சுமக்கிறது. இதை நீரிழப்பு என்று எண்ணி ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

இதயத் தசை என்ன ஆகிறது? 1985-இல் அமெரிக்காவின் நேட்டிக்கில் எட்டு தன்னார்வலர்களை அழுத்தம் குறைக்கும் அறைக்குள் வைத்து 40 நாட்களில் எவரெஸ்ட் உச்சி அளவுக்கு 'ஏற்றினார்கள்'. ஆபரேஷன் எவரெஸ்ட் இரண்டு என்று பெயர். அறைக்குள் ஹார்ட் கதீட்டர் போட்டு, எக்கோ எடுத்து, மிதிவண்டி மிதிக்கவிட்டுப் பார்த்தார்கள். இதயத்தின் சுருங்கும் திறன் கடைசிவரை கெடவில்லை. ஈ.சி.ஜி.யில் வலப்பக்கம் பளு ஏறியதற்கான அடையாளம் தெரிந்தது; ரத்த ஓட்டக் குறைவுக்கான அடையாளம் இல்லை. இதயத் தசை ஓய்விலேயே தனக்கு வரும் ஆக்சிஜனில் எழுபது சதவீதத்தை உறிஞ்சிவிடுகிறது. மேலும் வேண்டுமென்றால் கரோனரிக் குழாய்கள் விரிந்தாக வேண்டும். நல்ல குழாய் விரியும். கொழுப்பு படிந்து குறுகிய குழாய் விரியாது.

"தாங்குமா?" என்ற கேள்விக்கு என் பதில் இங்கே இரண்டாகப் பிரிகிறது. கீழே இரண்டு மாடியை நெஞ்சுவலி இல்லாமல் விறுவிறுவென ஏறுகிறவரை நான் பெரும்பாலும் தடுப்பதில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர், நடந்தால் வலி வருகிறவர், வால்வு சுருங்கியவர், நுரையீரல் தமனி அழுத்தம் ஏற்கெனவே கூடியவர் ஆகியோரை இதய நிபுணரைப் பார்க்காமல் அனுப்புவதில்லை. இன்னொன்று: ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த திடீர் இதய மரணங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது, முதல் நாளில், பழக்கமில்லாத உடலுழைப்பில்தான் ஆபத்து அதிகம் என்பது. முந்திய இரவை உயரத்தில் கழித்தவர்களுக்கு அது குறைவு. விமானத்தில் இறங்கிய மத்தியானமே லேயின் சாந்தி ஸ்தூபியின் படிகளை எண்ணிக்கொண்டு ஏறுவது எதற்கு?

6. நுரையீரல் நாளம் சுருங்கும், மற்றவை விரியும்.

உடலின் மற்றப் பகுதிகளில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள குழாய் விரிந்து கூடுதல் ரத்தத்தை வரவழைக்கும். நுரையீரலில் தலைகீழ். 1946-இல் ஸ்வீடனின் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் காட்டினார்கள். சளி அடைத்த நுரையீரல் மூலைக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பயன்? அங்கே போகும் குழாயைச் சுருக்கி, காற்று நிறைந்த பகுதிக்குத் திருப்புவதே இதன் நோக்கம். கருவறையில் குழந்தையின் நுரையீரல் முழுக்க இப்படிச் சுருங்கித்தான் கிடக்கிறது. முதல் அழுகையில் திறக்கிறது.

ஒரு வயலின் மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் பாயும். எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் அடைத்தால் வாய்க்கால் கரை உடையும். மலையில் நடப்பது இரண்டாவது. நுரையீரலின் எல்லா மூலையிலும் ஆக்சிஜன் குறைவு என்பதால் எல்லாக் குழாயும் சுருங்குகின்றன. சுருக்கம் எங்கும் ஒரே சீராகவும் இருப்பதில்லை. குறைவாகச் சுருங்கிய இடத்தில் ரத்தம் முட்டி மோதி, நுண்குழாயின் சுவர் கசிந்து காற்றறைகளில் நீர் கோக்கிறது. இதுவே உயர்மலை நுரையீரல் நீர்க்கோவை. இரண்டாம் அல்லது மூன்றாம் இரவில், நேற்றுவரை நன்றாக இருந்த இளைஞனுக்கு வரும். வறட்டு இருமல், பிறகு நுரைத்த சளி, படுத்தாலும் இரைப்பு. இடது இதயத்தில் ஒரு பழுதும் இருக்காது.

பெருவின் மருத்துவர்கள் இதை முன்னரே கண்டிருந்தார்கள். ஆங்கில மருத்துவ உலகம் கவனித்தது 1960-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் எழுதிய பிறகு. இரண்டே ஆண்டில் சீனப் போர் வந்தது. சமவெளியிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் விமானத்திலும் லாரியிலும் நேராக இமயத்துக்கு ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குச் சிகிச்சை அளித்த இந்தர் சிங்கும் சகாக்களும் 1965-இல் 'லான்செட்' இதழிலும், 1969-இல் 1,925 சிப்பாய்களைப் பற்றி 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழிலும் எழுதினார்கள். உலகின் எந்த உயர்மலை மருத்துவ நூலும் இவற்றைத் தாண்டிப் போக முடியாது. நம் ஊரில் இந்தப் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

7. துயிலில் இரண்டும் அலையாகும்.

விழித்திருக்கும்போது மூச்சை ஓரளவு மனமும் பார்த்துக்கொள்கிறது. தூக்கத்தில் முழுப் பொறுப்பும் கழுத்துக்கும் மூளைத்தண்டுக்கும் போகிறது, மூன்றாம் வரியின் சண்டை வெளியே வருகிறது. நாலைந்து பெரிய மூச்சு, கார்பன் டை ஆக்சைடு சரிகிறது, மூளைத்தண்டு நிறுத்துகிறது. பத்துப் பதினைந்து நொடி மூச்சே இல்லை. ஆக்சிஜன் சரிகிறது, கழுத்து கத்துகிறது, மறுபடி பெரிய மூச்சு. இரவெல்லாம் இதே சுற்று. உடலியல் அறிஞர் அஞ்சலோ மோஸ்ஸோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் மோன்டே ரோசா மலையில் தூங்குகிறவர்களின் மார்பில் கருவியைக் கட்டி இந்த அலையைப் பதிவு செய்தார்.

விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு தூங்கும் துணையின் கையைப் பாருங்கள், நாலாம் வரி கண்முன் நடக்கும். மூச்சு நின்றதும் நாடியின் எண் இறங்குகிறது: 80, 74, 68. மார்பு அசையாததால் மீறுவதற்கு ஆளில்லை. கழுத்து வேகஸைக் கொண்டு இதயத்தைப் பிடித்துவிட்டது. ஒரு பெருமூச்சு எழுந்ததும் எண் 95-க்குத் தாவுகிறது. செறிவின் எண் கருவியில் சற்றுத் தாமதித்து ஆடும். ஒருவரின் எண் இன்னொருவருக்குப் பொருந்தாது, ஆட்டம் பொருந்தும்.

திடுக்கிட்டு விழித்து மூச்சு முட்டுவதாக எழுந்து உட்காருகிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பயப்படுகிறார்கள். ஆறாம் வரியின் இருமலும் இரைப்பும் இல்லாதவரை பயப்பட ஒன்றுமில்லை. உயரத்தில் தலைவலி, குமட்டல், அசதியாக வரும் மலைநோயின் தீவிரத்தை அளக்கும் லேக் லூயிஸ் மதிப்பெண்ணில் தூக்கக் குறைவும் முன்பு ஓர் அம்சமாக இருந்தது. 2018-இல் அதை எடுத்துவிட்டார்கள், நோயில்லாதவரும் உயரத்தில் சரியாகத் தூங்குவதில்லை என்பதால். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சைத் தளர்த்துபவை; முதல் இரவுகளில் இரண்டும் வேண்டாம். அசிட்டசோலமைடு இங்கும் உதவும்.

8. முடுக்கும் நரம்பு அடங்காது, இறங்கியும் அடங்காது.

மூச்சு பழகிவிடுகிறது, தலைவலி போய்விடுகிறது, பசி திரும்புகிறது. முடுக்கும் நரம்பான பரிவு நரம்பு மட்டும் பழகுவதாகத் தெரியவில்லை. டென்மார்க்கின் ஹான்சென், சாண்டர் இருவரும் கடல் மட்டத்து ஆட்களைப் பொலிவியாவின் சகல்தாயாவில், 5,260 மீட்டரில், நாலு வாரம் தங்கவைத்துச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், எலும்பை ஒட்டி ஓடும் நரம்பில் மயிரிழை போன்ற ஊசியைச் செலுத்தி, தசையின் ரத்தக்குழாய்களுக்குப் போகும் பரிவு நரம்புத் துடிப்புகளை நேரடியாகக் கேட்கும் முறை அது. கடல் மட்டத்தில் இருந்ததைப் போல மூன்று மடங்கு துடிப்புகள். நாலு வாரம் பழகிய பிறகு இந்த நிலை.

ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தார்கள், சற்றே குறைந்தது. சலைன் ஏற்றி ரத்த அளவைக் கூட்டியும் பெரிதாகக் குறையவில்லை. கீழே இறங்கி மூன்று நாள் கழிந்த பின்னும் எண் பழைய நிலைக்கு வரவில்லை. அதாவது, குறைவு நீங்கிய பின்னும் குறைவுக்கான உத்தரவு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மடங்கு முடுக்கியும் ரத்த அழுத்தம் மூன்று மடங்கு ஏறுவதில்லை. திசுக்களில் குழாய்களை விரிக்கும் உள்ளூர் விசைகள் எதிர்த்து நிற்கின்றன. இரண்டும் மோதி, மிச்சமாக அழுத்தம் ஓரளவு ஏறி நிற்கிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லடாக்கில் எண் கூடியிருப்பதைப் பார்த்து மாத்திரையைத் தாங்களாகவே இரட்டிப்பாக்கிக் கொள்வதுண்டு. வேண்டாம், இறங்கிய பிறகு மயங்கி விழ நேரும்.

9. உச்சத்தில் துடிப்பு தாழும்.

ஓய்வில் கூடுதலாகத் துடிக்கும் இதயம், முழுமூச்சாக உழைக்கும்போது கீழே எட்டிய உச்சத்தை மேலே எட்டுவதில்லை. நேட்டிக் அறையில் உச்சி அளவில் மிதிவண்டி மிதித்தவர்களின் நாடி 120-ஐ ஒட்டியே நின்றுவிட்டது. முடுக்கும் நரம்பு உச்சத்தில் இருக்கும்போது இது எப்படி? நாள்பட்ட முடுக்கலில் அட்ரினலினின் சேதியைக் கேட்கும் இதயத்தின் பீட்டா ஏற்பிகள் செவிடாகிப் போவது ஒரு பதில். இன்னொரு பதிலும் சகல்தாயாவிலிருந்து வந்தது: வேகஸை மருந்தால் தடுத்தபோது நாடி கடல் மட்டத்து உச்சத்துக்கே எழுந்தது. ஆனால் அந்த ஆட்களால் முன்பைவிட ஒரு மிதி கூடுதலாக மிதிக்க முடியவில்லை. வேகஸ் பிடித்து வைத்திருந்ததால் இழப்பு ஒன்றும் இல்லை.

எனக்கு இந்தப் பத்தில் பிடித்த வரி இதுதான். நாலாம் வரியில் மூச்சிடம் தோற்ற அடக்கும் நரம்பு, வாரக் கணக்கில் காத்திருந்து இங்கே திரும்பி வருகிறது. இதயம் தன் தசைக்குக் கிடைக்கும் ஆக்சிஜனுக்குள் வேலை செய்யும்படி அது பார்த்துக்கொள்கிறது என்று சிலர் விளக்குகிறார்கள். அழகான விளக்கம், முழுக்க நிரூபணமானது என்று சொல்ல மாட்டேன்.

10. தலை வலித்தால் நில், தள்ளாடினால் இறங்கு.

மூளையின் ரத்தக்குழாய்க்கும் இரண்டு எஜமானர்கள். ஆக்சிஜன் குறைவு அதை விரிக்கிறது. கார்பன் டை ஆக்சைடு குறைவு அதைச் சுருக்குகிறது. முதல் நாட்களில் விரிப்பதே வெல்வதால் மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. மலைநோயின் தலைவலிக்கு இது ஒரு பங்கு. தலைவலி, குமட்டல், அசதி என்ற அளவில் இருந்தால் மேலே ஏறாமல் அங்கேயே ஒரு நாள் தங்கினால் பெரும்பாலும் தீரும். 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இந்திய ராணுவம் இன்னும் கறார்: 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள், அடுத்த 3,000 அடிக்கு நாலு நாள், அதற்கு மேல் இன்னொரு நாலு நாள். விமானத்தில் இறங்கி மறுநாளே கர்துங் லா கணவாய்க்கு டாக்ஸி பேசுகிற சுற்றுலாக்காரர் சிப்பாயைவிட எந்த வகையில் கெட்டி?

தள்ளாட்டம் வேறு. மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் முதலில் கெடுவது பெரும்பாலும் நடை. தரையில் ஓடுகளின் கோடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, குதிகாலும் கட்டைவிரலும் தொட்டுத் தொட்டு நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். கோட்டைவிட்டு விலகினால், அல்லது பேச்சு குழறி, சொன்னதையே சொன்னால், "அசதிதான், தூங்கினால் சரியாகிவிடும்" என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஜெனித் பலூனிலும் யாருக்கும் வேதனை தெரியவில்லை. ஆக்ஸிமீட்டர் 85 காட்டுகிறதே, பக்கத்து அறைக்காரருக்கும் அதேதானே என்று ஒப்பிட்டு ஆறுதல் அடைய வேண்டாம். எண்ணை விட நடை முக்கியம்.

"இறங்கு" என்பது மலைப்பாதையில் நடந்து போகிறவருக்கு எளிது. வந்த வழியே 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பலருக்குத் தெளியும். லேயில் இருப்பவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. மணாலி சாலை டக்லாங் லா வழியே 5,000 மீட்டருக்கு மேல் ஏறிய பிறகே இறங்கும். ஸ்ரீநகர் சாலையில் சிந்து நதியோடு மேற்கே கால்சே வரை சுமார் 500 மீட்டர் இறங்கலாம். அதற்கப்பால் 4,100 மீட்டர் ஃபோட்டு லா குறுக்கே நிற்கும். அதனால் லேயில் "இறங்கு" என்பதற்கு முதல் பொருள் மருத்துவமனை: முகமூடியில் ஆக்சிஜன், மூளை வீக்கத்துக்கு டெக்சாமெதசோன், நுரையீரல் நீர்க்கோவை என்றால் ஆக்சிஜனோடு சேர்த்து நிஃபெடிபைன். பிறகு கிடைக்கும் முதல் விமானம். லேயிலிருந்து விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் புறப்படும், மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று பலமாக வீசும். ஆகவே மாலை நாலு மணிக்குத் தள்ளாட்டத்தைக் கண்டால், விடியட்டும் பார்க்கலாம் என்று அறையிலேயே இருக்க வேண்டாம். அந்த இரவை ஆக்சிஜன் உள்ள கட்டிலில் கழிக்க அப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.